குட்டி எலும்பின் அவசரம்

காரைக்கால் மாவட்டத்துக்கு மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் வங்கக் கடல். அந்தக் கடலோரத்தின் வடகோடியில் இருக்கும் மீனவர் ஊர் மண்டபத்தூர். காலையில் படகுகள் கரைக்கு வந்ததும் மீன் ஏலம் கூடும். ஐஸ் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்கள் மணலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே முன்னும் பின்னுமாகத் திரும்பும். கரையில் ஏற்றி வைத்த ஃபைபர் படகின் நிழல் நாய்க்குட்டிகளுக்கு வீடு. மீன் வாசனைக்கு ஒரு குட்டி ஓடி வருவதற்கும், பின்னோக்கி வரும் சக்கரம் அதன் காலில் ஏறுவதற்கும் ஒரு நொடி போதும்.

அப்படி ஒரு குட்டியை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். வயது மூன்று மாதம். இடது முன்னங்கால், பாதத்துக்குச் சற்று மேலே, கிளையில் முறிந்த காம்பு போலத் தொங்குகிறது. கதறி ஓய்ந்து படகுக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கிறது. சுற்றி நிற்பவர்களில் யாராவது ஒருவர் சொல்வார்: “நாய்க்குட்டிதானே, தானா ஒட்டிக்கும்.”

அந்தப் பேச்சில் உண்மை உண்டு. குட்டியின் எலும்பு தானாகத்தான் ஒட்டுகிறது. நாம் நினைப்பதைவிட வேகமாகவே ஒட்டுகிறது. ஆபத்தும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. நேராக வைத்தால் நேராக ஒட்டும். கோணலாக விட்டால் கோணலாகவே, அதே வேகத்தில், ஒட்டிவிடும். வளர்ந்த நாயிடம் நமக்குக் கிடைக்கும் அவகாசம் குட்டியிடம் கிடைப்பதில்லை. ஓர் எலும்பு தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் விந்தையையும், அந்த வேலை நடக்கும் சில வாரங்களில் மனிதர்கள் செய்ய வேண்டியதையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

முதல் மணி நேரம்: காலைப் பார்க்காதீர்கள்

கண்ணுக்கு முதலில் தெரிவது தொங்கும் கால்தான். ஆனால் வாகனம் மோதிய குட்டியைக் கொல்வது பெரும்பாலும் கால் முறிவு அன்று. நெஞ்சில் பட்ட அடியால் நுரையீரல் கன்றியிருக்கலாம், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து அடைத்திருக்கலாம், வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம், சிறுநீர்ப்பை கிழிந்திருக்கலாம். வெளியே ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் இவை எல்லாம் நடக்கும். எனவே முதலில் மூச்சைக் கவனியுங்கள். வயிறு உள்வாங்கி, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து குட்டி மூச்சுக்குத் தவித்தால் கால் முறிவு இரண்டாம்பட்சம்.

அடுத்து ஈறு. மேலுதட்டை மெல்ல உயர்த்திப் பாருங்கள். நலமான குட்டியின் ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரல் நுனியால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்கும். சிவப்பதற்கு அதைவிட நேரம் பிடித்தாலோ, ஈறே வெளிறிக் கிடந்தாலோ உடலின் ஓரங்களுக்கு இரத்தம் போதவில்லை என்று பொருள். எந்தக் கருவியும் இல்லாமல் கடற்கரையில் நின்றுகொண்டே செய்யக்கூடிய சோதனை இது. அன்றைய தினம் குட்டி சிறுநீர் கழித்ததா என்பதையும் நினைவில் வைத்திருந்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வலியில் இருக்கும் குட்டி, வளர்த்தவரையே கடிக்கும். ஒரு துண்டை அதன் மேல் போர்த்தித் தூக்குவது இருவருக்கும் நல்லது. கடியோ நகக்கீறலோ பட்டுவிட்டால், குட்டிதானே என்று விடக் கூடாது. வெறிநாய்க்கடி நோய்க் கிருமி குட்டியின் எச்சிலிலும் இருக்கலாம். ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி தொடங்க வேண்டும்.

குட்டியைத் தூக்க ஒரு பலகையோ, மீன் ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டியோ போதும். அடியில் சாக்கு அல்லது துணி விரித்து, அடிபட்ட கால் மேலே இருக்கும்படி ஒருக்களித்துக் கிடத்துங்கள். காலை இழுத்து நேராக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். உடைந்த எலும்பின் முனை கத்தியைப் போலக் கூர்மையானது. ஒரு இழுப்பில் அது நரம்பையோ இரத்தக் குழாயையோ அறுத்துவிடும், தோலைக் கிழித்து வெளியே வந்துவிடும். எலும்பு வெளியே தெரிந்தால் சுத்தமான ஈரத் துணியால் மூடினால் போதும். மஞ்சள், காப்பித்தூள், சாம்பல், கடல் தண்ணீர் எதுவும் அந்தப் புண்ணில் படக் கூடாது. திறந்த முறிவில் பெரிய எதிரி தொற்று. நாம் அப்பும் ஒவ்வொரு பொருளும் அதற்கு வழி திறக்கும்.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் கூடாது. மனிதருக்கான டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரே மருந்து ஒவ்வோர் உயிரின் உடலிலும் ஒவ்வொரு விதமாக வேலை செய்யும் என்பதற்கு டைக்ளோஃபெனாக்கே சாட்சி. அந்த மருந்து செலுத்தப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டன. இந்தியா 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. நாய்க்கென்று பாதுகாப்பான வலி மருந்துகள் உண்டு. குட்டியின் எடையைப் பார்த்து அளவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

பூவரசங் கிளையும் காய்ந்த சுள்ளியும்

காய்ந்த சுள்ளியை வளைத்தால் ‘படக்’ என்று இரண்டாக ஒடியும். பச்சைப் பூவரசங் கிளையை வளைத்தால் ஒரு பக்கம் நார் நாராகப் பிளக்கும். மறுபக்கம் வளைந்து நிற்கும், துண்டாகாது. கிழ நாயின் எலும்புக்கும் குட்டியின் எலும்புக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இதுதான்.

எலும்பு இரண்டு பொருள்களின் கூட்டு. ஒன்று கொலாஜன் என்னும் புரத நார். இது வளையும், இழுவையைத் தாங்கும். மற்றது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்னும் தாதுப் படிகம். இது அழுத்தத்தைத் தாங்கும். கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்து தூணாவது போல இவை இரண்டும் சேர்ந்து எலும்பாகின்றன. குட்டியின் எலும்பில் தாதுவின் பங்கு குறைவு. ஆகவே அது எளிதில் வளைகிறது, பல நேரங்களில் பாதி மட்டுமே முறிகிறது. பச்சைக்கிளை முறிவு என்றே மருத்துவர்கள் இதைச் சொல்வார்கள்.

எலும்பைச் சுற்றி ஓர் உறை உண்டு. வளர்ந்த நாயில் அது மெல்லிய சவ்வு. குட்டியில் தடித்த சட்டை. உள்ளே எலும்பு முறிந்தாலும் இந்தச் சட்டை பல நேரங்களில் கிழிவதில்லை. துண்டுகளை இடம் விலகாமல் பிடித்துக்கொள்கிறது. புது எலும்பை உண்டாக்கும் செல்கள் நிறைந்திருப்பதும் அதன் உட்புறத்தில்தான். குட்டியின் எலும்பு வேகமாக ஒட்டுவதற்கு முதல் காரணம் இந்தச் சட்டை.

குட்டிக்கு மட்டுமே உரிய ஒரு பலவீனமும் உண்டு. நீண்ட எலும்பு ஒவ்வொன்றின் முனைக்கு அருகிலும் குருத்தெலும்பால் ஆன ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. வளர்ச்சித் தட்டு என்பது அதன் பெயர். எலும்பு நீள்வது அங்கேதான். தென்னைக்குக் குருத்து எப்படியோ, எலும்புக்கு இந்தத் தட்டு அப்படி. சுற்றியுள்ள எலும்பைவிடவும், மூட்டைக் கட்டும் நார்களைவிடவும் இது மென்மையானது. வளர்ந்த நாய்க்கு மூட்டு பிசகும் அதே அடியில் குட்டிக்கு வளர்ச்சித் தட்டு பிளக்கும். கனடாவின் டொரான்டோ நகர எலும்பு மருத்துவர்கள் ராபர்ட் சால்டரும் ராபர்ட் ஹாரிஸும் 1963இல் குழந்தைகளின் வளர்ச்சித் தட்டு முறிவுகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். இன்று நாய்க்குட்டியின் எக்ஸ்ரேயைப் பார்க்கும் கால்நடை மருத்துவரும் அதே ஐந்து வகைகளில்தான் பேசுகிறார்.

நம் குட்டிக்கு முறிந்திருப்பது முன்னங்காலின் கீழ்ப்பகுதி. அங்கே ஆர எலும்பும் அல்னாவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அல்னாவின் நீள வளர்ச்சியில் சுமார் 85 விழுக்காடு அதன் கீழ்முனைத் தட்டிலிருந்தே வருகிறது. நாய்க்கு அந்தத் தட்டு கூம்பு வடிவில் இருப்பதால், எந்தப் பக்கத்திலிருந்து அடி வந்தாலும் அது நசுங்குகிறது. நசுங்கிய தட்டு முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாது. சில வாரங்கள் கழித்து அல்னா வளராமல் நின்றுவிடும். ஆர எலும்போ வளர்ந்துகொண்டே போகும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நின்று மற்றது நடந்தால் வண்டி திரும்புவது போல, கால் வில்லாக வளைந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பும். முறிவு நன்றாக ஒட்டிய பிறகும் இது நேரலாம். அதனால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். “நல்லாத்தான் நடக்குது” என்று அந்த இரண்டாம் பயணத்தைத் தவிர்த்துவிடாதீர்கள்.

முறிந்த இடத்தில் நடக்கும் வேலை

எலும்பு முறிந்த உடனே அங்கே இரத்தம் கசிந்து கட்டியாகிறது. கழிவு என்று தோன்றும் அந்த இரத்தக்கட்டிதான் அஸ்திவாரம். அதிலிருந்து கிளம்பும் இரசாயனச் செய்திகள் வெள்ளணுக்களை அழைக்கின்றன. அவை இறந்த திசுவை அகற்றுகின்றன. முதல் சில நாள்களின் வீக்கமும் சூடும் இந்தத் துப்புரவு வேலையின் அடையாளம்.

பிறகு புதிய இரத்தக் குழாய்கள் நுழைகின்றன. நார்த் திசுவும் குருத்தெலும்பும் சேர்ந்து முறிவைச் சுற்றி மெத்தென்ற ஒரு முடிச்சைக் கட்டுகின்றன. அடுத்த கட்டத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் எலும்பாக்கச் செல்கள் அந்த முடிச்சில் கால்சியத்தைப் படியவைத்து, அதைக் கெட்டி எலும்பாக மாற்றுகின்றன. கடைசியாகச் செதுக்கும் வேலை. எலும்பைக் கரைக்கும் செல்கள் தேவையற்ற மேட்டைக் கரைக்க, ஆக்கும் செல்கள் பளு விழும் கோட்டில் எலும்பைச் சேர்க்க, மாதங்கள் கழித்து முறிந்த இடமே தெரியாமல் போகலாம். எலும்பு தன்மேல் விழும் பளுவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் ஒரு விதியாகவே எழுதினார். தோலில் காயம் பட்டால் தழும்பு மிஞ்சும். எலும்பில் காயம் பட்டால் மறுபடி எலும்பே உண்டாகிறது. உடலில் இந்தப் பேறு பெற்ற உறுப்புகள் மிகச் சில.

இவ்வளவும் நடக்க ஒரு நிபந்தனை உண்டு. முறிந்த இடம் ஆடக் கூடாது. சுவிட்சர்லாந்தின் எலும்பு முறிவு ஆய்வாளர் ஸ்டீஃபன் பெரன் இதை அளவாகவே சொன்னார். முறிவின் இடைவெளி இரண்டு விழுக்காட்டுக்கு மேல் நீண்டு சுருங்கினால் அங்கே எலும்பு உருவாக முடியாது. குருத்தெலும்பு பத்து விழுக்காடு வரை தாங்கும். தொடக்கத்தில் தோன்றும் மென்திசு தன் நீளத்துக்கு இரட்டிப்பாக இழுபட்டாலும் தாங்கும். ஆகவே ஒவ்வொரு திசுவும் இடத்தைக் கொஞ்சம் இறுக்கி, தனக்கு அடுத்த திசு வந்து அமர வழி செய்கிறது. இடையில் குட்டி எகிறிக் குதித்தால் அந்த ஏணியின் ஒரு படி முறிகிறது. வேலை மறுபடி கீழ்ப்படியிலிருந்து தொடங்குகிறது.

எத்தனை நாள் ஆகும்? கட்டோ உள்கம்பியோ வைத்த முறிவு, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு இரண்டு மூன்று வாரத்தில் பிடித்துக்கொள்ளும். மூன்று முதல் ஆறு மாதம் வரை நான்கு முதல் ஆறு வாரம். ஒரு வயதைத் தாண்டிய நாய்க்கு ஏழு முதல் பன்னிரண்டு வாரம். இந்தக் கணக்கை மறுபக்கமிருந்து படித்துப் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஒட்டிவிடும் எலும்புக்கு, ஒரு வாரத் தாமதம் என்பது பாதி ஆயுள். “ஞாயிறு போகட்டும், அடுத்த வாரம் பார்ப்போம்” என்று காத்திருந்தால், மருத்துவர் கையில் சேரும்போது கோணலாக முடிச்சிட்ட எலும்பை மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.

மாவுக்கட்டு, தப்பை, கம்பி

நம் ஊர்ப்பக்கம் எலும்பு முறிந்தால் மூங்கில் தப்பை வைத்துக் கட்டும் வழக்கம் பழையது. ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டுக்கு இன்றும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் போகிறார்கள். நீர் பட்டு இறுகும் மாவைத் துணியில் தடவிக் கட்டும் முறையை 1851இல் டச்சு இராணுவ மருத்துவர் அன்டோனியஸ் மத்தைசன் உருவாக்கினார். நாம் மாவுக்கட்டு என்று சொல்வது அதைத்தான். தப்பைக்கும் மாவுக்கட்டுக்கும் விதி ஒன்றே: முறிவுக்கு மேல் உள்ள மூட்டும் கீழ் உள்ள மூட்டும் இரண்டும் அசையாமல் இருக்க வேண்டும்.

இந்த விதியை வைத்துக்கொண்டு நாயின் உடலைப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே, பின்னங்கால் முட்டிக்குக் கீழே முறிந்தால் இரண்டு மூட்டையும் கட்டுக்குள் கொண்டுவரலாம். மேற்கை எலும்போ தொடை எலும்போ முறிந்தால் மேல் மூட்டு என்பது தோளும் இடுப்பும். அவை உடம்போடு சேர்ந்த தசைக்குள் இருக்கின்றன. அங்கே கட்டும் கட்டு நழுவி, முறிந்த இடத்திலேயே கனமாகத் தொங்கும். கடிகாரத்தின் ஊசல் போல ஆடி முறிவை மேலும் பிரிக்கும். தொடை முறிவுக்கு வீட்டில் கட்டுப்போடவே கூடாது என்பது அதனால்தான்.

இன்னும் கொடிய விளைவு ஒன்றும் உண்டு. தொடை முறிந்த குட்டியின் பின்னங்காலை நீட்டி வைத்துக் கட்டினால், முன்தொடைத் தசை முறிவின் புது எலும்போடு ஒட்டிக்கொள்கிறது; பிறகு சுருங்கி நாராகிறது. கால் ஊன்றுகோல் போல விறைத்து நீட்டிக்கொள்ளும், முட்டி மடங்காது. சில வாரங்களுக்குள் இது முற்றிவிடும். முற்றிய பிறகு அறுவை செய்தும் பெரும்பாலும் பயன் இருப்பதில்லை. தவிர்க்கும் வழி எளிது: தொடை முறிவைக் கம்பி அல்லது பிளேட் வைத்துச் சீக்கிரம் நிலைநிறுத்தி, முட்டியை முதல் வாரத்திலிருந்தே மடக்கி நீட்டப் பழக்குவது.

சாதாரணக் கட்டுக்கு உள்ளூர் கால்நடை மருத்துவமனையே போதும். கம்பி, பிளேட் வைக்கும் அறுவைக்குக் கல்லூரி மருத்துவமனை வேண்டியிருக்கும். காரைக்காலிலிருந்து வடக்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டரில் புதுச்சேரியின் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிலையம். மேற்கே தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டில் 2012இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. காலைக் காப்பாற்ற முடியாத அளவு நசுங்கியிருந்தால் எடுத்துவிடச் சொல்வார்கள். அதற்காக மனம் உடைய வேண்டாம். மூன்று காலில் ஓடவும் விளையாடவும் குட்டி சீக்கிரம் பழகிக்கொள்ளும்.

கட்டுப்போட்டதும் நம் வேலை முடிந்துவிடுவதில்லை. கட்டின் அடியில் நடு விரல்கள் இரண்டின் நுனியை மட்டும் வெளியே விட்டிருப்பார்கள். காலையும் மாலையும் அந்த இரண்டு நகங்களைப் பாருங்கள். இணையாக, பக்கத்துப் பக்கத்தில் நின்றால் நல்லது. ஒன்றைவிட்டு ஒன்று விலகி விரிந்திருந்தால் உள்ளே பாதம் வீங்குகிறது, கட்டு இறுகிவிட்டது. விரல் சில்லென்று இருந்தாலோ, துர்நாற்றம் வந்தாலோ, குட்டி திடீரென்று கட்டைக் கடித்துப் பிய்க்கத் தொடங்கினாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. இரத்த ஓட்டம் தடைபட்ட கால் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். குட்டி வளர்ந்துகொண்டே இருப்பதால் திங்கட்கிழமை சரியாக இருந்த கட்டு அடுத்த திங்கட்கிழமை இறுக்கமாகிவிடும். வாரம் ஒருமுறை கட்டை மாற்றுவது இதற்காகத்தான்.

கடலோரத்தில் ஈரமும் மணலும் தனிப் பகைவர்கள். கட்டுக்குள் போன மணல் தோலை அரைத்துப் புண்ணாக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கட்டு தோலை ஊறவைத்து அழுகச் செய்யும். வெளியே தூக்கிப் போகும்போது பாலிதீன் பையைச் சுற்றி, உள்ளே வந்ததும் கழற்றிவிட வேண்டும். கட்டியபடி விட்டால் வியர்வையே போதும் கெடுப்பதற்கு. கட்டு நனைந்துவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள்.

பஞ்சாரத்துக்குள் சில வாரம்

வலி குறைந்த குட்டிக்குத் தனக்குக் கால் முறிந்தது நினைவிருக்காது. ஐந்தாம் நாளே ஓடப் பார்க்கும். இந்தக் காலத்தில் ஓய்வு என்றால் அடைத்து வைப்பதுதான். அதற்கு விலை கொடுத்துக் கூண்டு வாங்க வேண்டியதில்லை. சின்னக் குட்டிக்குக் கோழி கவிழ்க்கும் பஞ்சாரமே கூண்டாகும். பெரிய குட்டிக்குத் திண்ணையின் ஒரு மூலையைப் பலகையால் அடைத்துக்கொள்ளலாம். எழுந்து நின்று திரும்ப இடம் இருக்க வேண்டும். தாவ இடம் இருக்கக் கூடாது. சிமெண்ட் தரை வழுக்கும், சாக்கு விரியுங்கள். பழைய வலையைத் தடுப்பாகக் கட்டாதீர்கள், கட்டுப்போட்ட கால் அதில் சிக்கும்.

ஆனால் அடைத்த இடம் வீட்டின் பின்கட்டாக இருக்கக் கூடாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி யாரோடு பழகுகிறதோ அவர்களையே தன் இனமாக ஏற்கிறது என்பது அதன் சாரம். அந்த வயதில் தனியே இருட்டில் கிடந்த குட்டி, கால் நேரான பிறகும் மனிதரைக் கண்டு மிரளும், பயத்தில் கடிக்கும். ஆகவே பஞ்சாரத்தை வாசலில், ஆள் நடமாட்டம் தெரியும் நிழலில் வையுங்கள். குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்து பேசட்டும். சின்னக் குட்டிக்கு எலும்பு ஒட்டும் வாரங்களே மனமும் உருவாகும் வாரங்கள்.

சோறும் குழம்பும் மட்டும் போதாது

திண்ணையிலிருந்து குதித்ததற்கே கால் முறிந்தது என்றால் சந்தேகப்பட வேண்டியது திண்ணையை அன்று, சோற்றுத் தட்டை. வெறும் சோறும் இறைச்சித் துண்டும் தின்று வளரும் குட்டிக்குப் பாஸ்பரஸ் நிறையக் கிடைக்கும், கால்சியம் மிகக் குறைவாகக் கிடைக்கும். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் நரம்பும் இயங்காது. அதனால் கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி, எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து இரத்தத்துக்குத் தருகிறது. இன்றைய உயிருக்காக நாளைய காலை அடகு வைக்கும் ஏற்பாடு. எலும்பு காகிதம் போல மெலிந்து சின்ன அடிக்கும் மடங்கும். அப்படிப்பட்ட குட்டிக்குக் கட்டு மட்டும் போட்டால் போதாது. சாப்பாடு மாறாவிட்டால் வேறொரு கால் முறியும்.

“காலை வெயிலில் போடு, எலும்பு பலப்படும்” என்பார்கள். மனிதக் குழந்தைக்கு அது பொருந்தும். நாயின் தோலோ வெயிலைக் கொண்டு வைட்டமின் டி-யைப் போதிய அளவு உண்டாக்க வல்லதன்று. நாய்க்கு அது உணவிலிருந்தே வர வேண்டும். இந்த இடத்தில் மண்டபத்தூர்க் குட்டிக்கு ஒரு கொடுப்பினை உண்டு. மத்தி போன்ற கொழுப்பு மீன்களில் வைட்டமின் டி இருக்கிறது. நெத்திலியை உப்பும் காரமும் சேர்க்காமல் நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுத்தால், மெல்லிய முள்ளோடு கால்சியமும் சேரும். பெரிய மீனின் முள் தொண்டையில் குத்தும். கருவாட்டின் உப்பு ஆகாது. கூடவே வேகவைத்த முட்டையும் சோறும்.

அதற்காகக் கால்சியம் மருந்தைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றுவதும் தவறு. வளர்ந்த நாயின் குடல், மிகையான கால்சியத்தை மறுத்துவிடும். சின்னக் குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது. கொடுத்ததில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். மிகுந்த கால்சியம், முக்கியமாகப் பெருத்து வளரும் இனக் குட்டிகளில், எலும்பின் வளர்ச்சியையே கோணலாக்கும். மீன் எண்ணெய் மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை. அளவை மருத்துவர் சொல்லட்டும். எலும்பொட்டும் என்று பெயரெடுத்த பிரண்டையைப் பச்சையாக அரைத்து ஊற்ற வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் ஊசிகள் வாயையும் தொண்டையையும் அரிக்கும்.

மறுபடி நான்கு கால்

கட்டுப் பிரித்த அன்று கால் சூம்பிப் போயிருக்கும். மூட்டு இறுகியிருக்கும், குட்டி காலைத் தூக்கியே வைத்திருக்கும். பதற வேண்டாம். பயன்படுத்தாத தசை வேகமாக மெலியும், பயன்படுத்தினால் மீளும். மருத்துவர் அனுமதித்த பிறகு, குட்டியை ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒவ்வொரு மூட்டையும் வலிக்காத எல்லை வரை மடக்கி நீட்டுங்கள். ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று முறை. பிறகு கயிற்றில் பிடித்து ஐந்து நிமிட நடை. வேகமாக நடந்தால் மூன்று காலில் தத்தும். மெதுவாக நடந்தால்தான் நான்காவதை ஊன்றும். அலை வந்து போன இறுகிய ஈர மணல் இதற்கு ஏற்ற தரை. உலர்ந்த மணலில் பாதம் புதையும், தொடக்கத்தில் அது சுமை.

புண் முழுதும் ஆறியிருந்தால் தண்ணீரும் உதவும். நாயின் இடுப்பளவுக்கு நீர் நின்றால் அதன் எடையில் 38 விழுக்காடு மட்டுமே கால்களில் இறங்குகிறது. முட்டியளவு நீரில் 85 விழுக்காடு. நீரின் உயரத்தைக் கூட்டியும் குறைத்தும் காலுக்கு விழும் பளுவை நாமே தீர்மானிக்கலாம். வீட்டில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியும், குட்டியின் வயிற்றுக்கு அடியில் தாங்க ஒரு கையும் போதும். கடலில் இறக்க வேண்டாம். அலை குட்டியின் பளுவைக் கணக்குப் பார்க்காது.

பதினான்காயிரம் ஆண்டுக்கு முன் ஒரு குட்டி

ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே ஓபர்காசல் என்னும் இடத்தில் 1914இல் கல் வெட்டியவர்கள் ஒரு பழங்காலப் புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டியின் எலும்புகள். வயது சுமார் 14,000 ஆண்டு. பெல்ஜியத்துக் கால்நடை மருத்துவர் லுக் ஜான்சென்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் 2018இல் அந்தக் குட்டியின் பற்களைப் படித்துச் சொன்னார்கள்: அந்தக் குட்டிக்கு ஏறக்குறைய ஐந்து மாத வயதில் டிஸ்டெம்பர் நோய் கண்டிருக்கிறது. விட்டு விட்டு வந்த நோயின் கோடுகள் பல்லின் மேற்பூச்சில் பதிந்திருந்தன. கவனிப்பு இல்லாவிட்டால் மூன்று வாரத்துக்குள் இறந்திருக்க வேண்டிய குட்டி, ஏழாம் மாதம் வரை உயிரோடு இருந்திருக்கிறது. வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத அந்த வாரங்களில் யாரோ அதைக் கதகதப்பாக வைத்து, துடைத்து, தண்ணீரும் உணவும் புகட்டியிருக்கிறார்கள்.

அந்த மனிதர்களிடம் எக்ஸ்ரே இல்லை, மருந்து இல்லை, எழுத்தும் இல்லை. நம்மிடம் எல்லாம் இருக்கிறது. எலும்பை ஒட்டவைக்கும் அறிவு அந்தக் குட்டியின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. அதை நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அது தன் வேலையை முடிக்கும்வரை காலை நேராகப் பிடித்துக்கொடுத்து, தட்டில் சரியானதை வைத்து, சில வாரம் பொறுமையாக இருப்பது மட்டுமே நம் பங்கு. உங்கள் தெருவில் ஒரு குட்டி காலைத் தூக்கிக்கொண்டு நின்றால், தானாக ஒட்டிக்கொள்ளும் என்று கடந்து போகாதீர்கள். ஒட்டத்தான் போகிறது. நேராக ஒட்ட வேண்டுமானால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.